கால்நடைகளின் சிறுநீரக வியாதிகள்: அவற்றின் காரணங்களும் தோன்றும் விதமும்

கால்நடைகளுக்கு வரும் வியாதிகளில் கோமாரி, அடைப்பான், சப்பை நோய் முதலியவற்றைக் குடியானவர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். அவை ஊரெங்கும் பரவி மந்தை மந்தையாய்த் தாக்குவதால், அவற்றைக் குறித்து யாவருக்கும் அச்சம் உண்டு. சிறுநீரகத்தைப் பற்றும் வியாதிகளோ அவ்விதம் பரவுவன அல்ல. ஒரு தொழுவத்தில் ஓர் எருது, மற்றொரு பட்டியில் இரண்டு கடாக்கள் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாய் அவை உயிரைக் கொண்டுபோகின்றன. வயிற்றுநோவால் போயிற்று என்றோ, கண்ணேறு பட்டது என்றோ சொல்லி அச்சாவுகள் மறக்கப்படுகின்றன. உண்மையில் இவ்வியாதிகளுள் பெரும்பாலானவை தீவனத் தொட்டியிலும் தண்ணீர்த் தொட்டியிலுமே தடுக்கத்தக்கவை. முற்றியபின் மருந்தால் ஆவது சொற்பம். ஆகையால் இவை எவ்விதம் உண்டாகின்றன என்பதைக் கால்நடை வைத்திருப்போர் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

உறுப்பின் அமைப்பும் தொழிலும்

குண்டிக்காய் என்று வழங்கும் சிறுநீரகங்கள் இரண்டு. அவை இடுப்பின் மேற்புறத்தில், முதுகெலும்புக்குக் கீழே அமைந்திருக்கின்றன. ஆட்டிலும் நாயிலும் அவரை விதையின் வடிவாய் வழுவழுப்பாக இருக்கும். மாட்டிலோ ஏறக்குறைய இருபது துண்டங்கள் ஒட்டிச் சேர்ந்தாற்போல் பிளவுபட்டுத் தோன்றும். இருதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டு சிறிய உறுப்புக்களின் வழியாகவே ஓடுகிறது.

மாட்டின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 40 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. மயிரினும் மெல்லிய இரத்தக் குழல்கள் சுருண்ட ஒரு முடிச்சும், அதைத் தொடர்ந்து வளைந்து செல்லும் ஒரு குழலும் சேர்ந்ததே ஒரு வடிகட்டி. முடிச்சில் இரத்தத்தின் நீர்ப்பகுதி வடிகிறது. வடிந்த நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைக் குழல் மறுபடியும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருகிறது. எஞ்சிய ஒரு பங்கே கழிவுகளுடன் சிறுநீராய் வெளிவருகிறது. கழிவை நீக்குவதோடு, உடம்பின் நீரையும் உப்பையும் சமன்செய்வதும், புது இரத்தம் ஊறும்படி எலும்பின் உட்சோற்றைத் தூண்டுவதும் இவ்வுறுப்பின் தொழில்களாம்.

இங்கு ஒரு விஷயம் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. அன்றாடத் தேவைக்கு மிஞ்சிய சக்தி சிறுநீரகத்துக்கு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. வடிகட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பின்னரே சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைகிறது. நான்கில் மூன்று பங்கு கெட்ட பின்னரே கழிவுகள் இரத்தத்தில் தேங்கத் தொடங்குகின்றன. அதுவரையில் பிராணி தின்னும், நடக்கும், பாலும் கறக்கும். மாடு சோர்ந்து நிற்பதை உடையவன் முதன்முதல் காணும்போது அழிவில் பெரும்பகுதி நடந்தேறியிருக்கிறது. முழுதும் அழிந்த வடிகட்டி மறுபடி உண்டாவதில்லை. குழலின் உட்புறத் தோல் மட்டும் சிதைந்து அதன் அடித்தளம் பிழைத்திருந்தால் புதுத்தோல் வளரக்கூடும். காலத்தில் செய்யும் சிகிச்சையின் பயனெல்லாம் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது.

நோய் தோன்றும் மூன்று வழிகள்

நஞ்சை நிலத்தின் விளைவு பாய்கால், வயல், வடிகால் ஆகிய மூன்றையும் பொறுத்தது. பாய்கால் வற்றினாலும், வயலின் மண் கெட்டாலும், வடிகால் அடைபட்டாலும் பயிர் அழியும். சிறுநீரகம் கெடுவதும் இம்மூன்று வழிகளாலேயே. அதற்கு வரும் இரத்தம் குறைதல் முதலாவது. அவ்வுறுப்பையே நஞ்சோ கிருமியோ தாக்குதல் இரண்டாவது. சிறுநீர் வெளியேறும் பாதை அடைபடுதல் மூன்றாவது.

பாய்கால் வற்றுதல்

கன்றுகளுக்குக் கடுமையான கழிச்சல் கண்டபோதும், காயத்தால் இரத்தம் மிகுதியாய்ப் போனபோதும், சித்திரை வெயிலில் தண்ணீரின்றி வேலை வாங்கியபோதும் உடம்பிலுள்ள நீர் குறைகிறது. அப்போது உடம்பானது மூளையையும் இருதயத்தையும் காக்கும்பொருட்டு மற்ற உறுப்புக்களுக்குச் செல்லும் இரத்தத்தைச் சுருக்குகிறது. சிறுநீரகத்தின் குழல்கள் ஓயாமல் வேலை செய்வனவாதலால், இரத்தம் குறைந்த சில மணி நேரத்திற்குள் அவற்றின் உட்தோல் மடியத் தொடங்கும். கழிச்சலால் இறக்கும் கன்றைக் கொல்வது கழிச்சலைத் தோற்றுவித்த கிருமி மட்டுமன்று. நீரும் உப்பும் இழந்து சிறுநீரகம் ஓய்ந்துபோவதும் அதில் சேரும். கழிச்சல் கண்ட முதல் நாளே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பலமுறை புகட்டுவதன் நியாயம் இதுவே.

நீர் வற்றிய காலத்தில் சிறுநீரகம் தன் இரத்தக் குழல்களைத் திறந்து வைத்துக்கொள்ளச் சில இரசங்களைத் தானே சுரக்கிறது. வலி நீக்கவும் காய்ச்சல் தணிக்கவும் போடப்படும் ஊசி மருந்துகள் பல இவ்விரசங்களைத் தடுத்துவிடும் தன்மையன. ஆகவே நீர் குடியாமல் கிடக்கும் மாட்டுக்கு முதலில் நீர் ஏற்றாமல் வலிமருந்தை மட்டும் போடுவது, இருக்கும் சிறு பாய்காலையும் அணைகட்டி நிறுத்துவதற்கு ஒப்பாகும். வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கிய ஊசியைப் போடும் வழக்கம் இக்காரணத்தாலும் விடத்தக்கது.

வயல் கெடுதல்: நஞ்சுகள்

இரத்தத்தில் கலந்த நஞ்சு எதுவாயினும் சிறுநீரகத்தை வந்தடையும். குழல்கள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்ளே நஞ்சின் செறிவு பன்மடங்காகும். ஈரல் தவிர்த்து, வேறு எவ்வுறுப்பைக் காட்டிலும் சிறுநீரகம் நஞ்சால் கெடுவது இதனாலேயே.

பயிர்வகையில் முக்கியமானது ஆக்ஸாலிக் அமிலத்தின் உப்பு. தரிசுகளில் படரும் சாரணை, பருப்புக்கீரை முதலியவற்றில் இது மிகுதி. நேப்பியர் ஒட்டுப் புல்லிலும், நெல் வைக்கோலிலும் ஓரளவு உண்டு. பழகிய மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்துவிடுகின்றன. ஆனால் நெடுந்தூரம் ஓட்டிவந்த பசித்த மந்தையை இப்பூண்டுகள் நிறைந்த இடத்தில் திடீரென்று விட்டால், சிதையாத உப்பு இரத்தத்தில் கலந்து அங்குள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொள்ளும். இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து பிராணி நடுங்கி விழுவது ஒன்று; ஆக்ஸாலிக் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த கூர்மையான படிகங்கள் சிறுநீரகக் குழல்களில் செருகிக்கொள்வது மற்றொன்று. நேப்பியர் புல்லை முற்றிலும் இளசாய் அறுக்காமலும், வேறு தீவனத்துடன் கலந்து சிறிது சிறிதாய்ப் பழக்கியும் கொடுத்தால் இவ்வபாயம் இல்லை.

மருந்துகளில் ஜென்டாமைசின் முதலிய சில ஊசி மருந்துகள் குழலின் தோலில் தங்கிச் சேர்ந்து அதைக் கெடுக்கும். சல்பா மருந்துகள், பிராணி போதிய நீர் குடியாவிடில், படிகமாய்ப் படியும். அளவும் நாட்களும் வைத்தியர் சொன்னபடியே இருத்தல் வேண்டும்.

மாட்டுக்குப் போடும் மருந்து மாட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குப் பாறுக் கழுகுகளின் கதையே சான்று. 1990-களில் இந்தியாவில் இக்கழுகுகள் விரைந்து அருகின. டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து போடப்பட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புக்களின்மீது வெண்மாவைப்போல் படிந்து அவை மாண்டன என்பது 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. 2006-ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு இம்மருந்தை உபயோகிப்பது இந்தியாவில் தடுக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்னும் மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடுக்கப்பட்டன. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் இவற்றிற்குப் பதிலாய் வைத்தியர்களால் கொடுக்கப்படுகிறது. மனிதருக்கென விற்கும் டைக்ளோபினாக்கை மாட்டுக்குப் போடுவது சட்ட விரோதமாகும்.

வயல் கெடுதல்: கிருமிகள்

கிருமிகளால் வருவனவற்றில் எலிக்காய்ச்சலே குடும்பத்தார் முழுவதும் அஞ்சத்தக்கது. திருகுச் சுருள் வடிவான இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில் எலிக்குத் தீங்கின்றி வாழ்ந்து, அதன் சிறுநீரோடு குட்டை நீரிலும் சேற்றிலும் தீவனத்திலும் கலக்கிறது. மாடு, பன்றி, நாய் இவற்றின் ஈரமான தோலிலுள்ள சிராய்ப்பு வழியாகவும், வாய், மூக்கு, கண் வழியாகவும் உட்புகுகிறது. சில நாள் இரத்தத்தில் உலவிப் பின் சிறுநீரகக் குழல்களில் குடியேறுகிறது. பசுக்கள் கரு கலைக்கும். பால் திடீரென்று குறையும். இளங்கன்றுகளுக்குச் சிறுநீர் சிவந்து காமாலை காணும். தேறிய பிராணியும் பல வாரங்கள், சிலபோது மாதக்கணக்கில், சிறுநீரில் கிருமியை வெளியிட்டுக்கொண்டிருக்கும். காலில் புண்ணுடன் வயலில் இறங்கும் உழவர்களையும், தொழுவம் கழுவுவோரையும் இது பற்றி, அவர்களுடைய சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கக்கூடும். தானியக் களஞ்சியத்தில் எலியை ஒழிப்பது கால்நடைக்கும் வீட்டாருக்கும் ஒருங்கே செய்யும் பாதுகாப்பாம்.

பசுக்களுக்குக் கன்று ஈன்றபின் வரும் சிறுநீரகச் சீழ் நோய் வேறொரு வகை. பசுவின் சிறுநீர்த் தாரை குறுகிய நீளமும் அகலமும் உடையதாகையால், பிறப்புவாயிலிலுள்ள கிருமிகள் எளிதில் மேலேறிச் சிறுநீர்ப்பையையும், பின்னர் சிறுநீரகத்தையும் அடைகின்றன. கழுவாத கையால் நஞ்சுக்கொடியை இழுத்தெடுப்பது இதற்குப் பெரும் உதவி. பசு முதுகை வளைத்துக்கொண்டு, அடிக்கடி சிறிது சிறிதாய், இரத்தத் திட்டுக்களும் சீழும் கலந்த சிறுநீர் விடும். தொடக்கத்தில் பெனிசிலின் சிகிச்சையால் குணமடைவதுண்டு. நாள்பட்டால் சிறுநீரகம் சீழ்ப்பையாகிவிடும்.

வடிகால் அடைபடுதல்: கல்லடைப்பு

இவ்வனைத்திலும் குடியானவருக்கு மிகுந்த நஷ்டம் விளைப்பதும், மிக எளிதில் தடுக்கத்தக்கதும் கல்லடைப்பே. இது பெரும்பாலும் விதையடித்த எருதுகளுக்கும் வெள்ளாட்டு, செம்மறிக் கடாக்களுக்கும் வருகிறது. கல் பசுவிலும் உண்டாகும். ஆனால் அதன் சிறுநீர்த் தாரை அகன்றிருப்பதால் வெளியேறிவிடும். எருதின் தாரையோ நீண்டு, குறுகி, நடுவில் பாம்பு வளைந்தாற்போல் இரட்டை வளைவாய்ச் செல்கிறது. கல் பெரும்பாலும் அவ்வளைவில் தங்கும். கடாக்களில் தாரையின் நுனியில் புழுப்போன்ற சிறிய வால் ஒன்று உண்டு; மணலளவு கல்லும் அதை அடைக்கப் போதும். மிக இளம் பருவத்தில் விதையடித்துவிட்டால் தாரை முழு அகலம் பெறாமலே நின்றுவிடுகிறது. கொழுப்பதற்கென்று வளர்க்கும் கடாக்களை நான்கு மாதத்திற்கு முன் விதையடிக்காதிருத்தல் இதனால் நலம்.

கல் உண்டாவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது தீவனத்தின் பொருத்தமின்மை. சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்குக்கு மணிச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் தீவனம் அமைதல் வேண்டும். அரிசித் தவிட்டிலோ மணிச்சத்து சுண்ணாம்புச் சத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. கோதுமைத் தவிடும் தானியங்களும் அத்தன்மையனவே. தவிடும் தானியமும் ஏராளமாய்த் தின்னும் கடாவின் உடம்பு, மிஞ்சிய மணிச்சத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது. தழை தின்னும் பிராணிகளின் சிறுநீர் காரத் தன்மையுள்ளது; அதில் மணிச்சத்து, மக்னீசியத்துடனும் நவச்சார வாயுவுடனும் கூடி மணல்போல் படிகிறது. இரண்டாவது நீர்க்குறைவு. குடிநீர் குறையச் சிறுநீர் செறிந்து, கரைந்திருந்த உப்புக்கள் படியத் தலைப்படும். மூன்றாவது பசுந்தீவனம் இன்மை. வெறும் வைக்கோலை மாதக்கணக்காய்த் தின்னும் மாட்டுக்கு ‘ஏ’ ஜீவசத்து குறைகிறது. சிறுநீர்ப் பாதையின் உட்தோல் தடித்து உதிர்கிறது. உதிர்ந்த தோலைச் சுற்றிக் கல் வளர்கிறது.

அடைபட்ட பிராணி கால் மாற்றி மிதிக்கும், வயிற்றை உதைத்துக்கொள்ளும், வாலை ஆட்டி முக்கும், சிறுநீர் வராது, அல்லது சொட்டுச் சொட்டாய் வரும். குறியைச் சுற்றியுள்ள மயிரில் உப்புப் பொடி ஒட்டியிருப்பதும் உண்டு. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணி, விளக்கெண்ணெய் புகட்டி இரண்டு நாளைக் கழித்துவிடுவதே பலரும் செய்யும் பிழை. அவ்விரண்டு நாளே உயிரைக் காக்கும் நாட்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர்ப்பையோ தாரையோ வெடித்துவிடும். பை வெடித்தவுடன் நோவு அடங்கி, மாடு அமைதியாய் நிற்கும். சிலபோது தீவனத்தையும் முகரும். தேறிவிட்டது என்று உடையவன் மகிழும் அந்நேரத்தில் சிறுநீர் வயிற்றறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. பின்பு வயிறு இருபுறமும் பேரிக்காயைப்போல் தொங்கிப் பருத்து, கழிவு இரத்தத்தில் ஏறிச் சில நாட்களில் பிராணி மடியும். சிறுநீர் வராமல் நோவு திடீரென்று நின்றால், அது குணமன்று, கேட்டின் அறிகுறியாம். வெடிக்குமுன் வைத்தியரிடம் சேர்த்தால், கடாவின் நுனிவாலை நறுக்கியோ, சஸ்திர சிகிச்சையால் வேறு வழி அமைத்தோ காப்பாற்றக்கூடும்.

சிவந்த சிறுநீர்

சிறுநீர் சிவந்து காண்பதெல்லாம் ஒரே வியாதியன்று. சிறிது சிறுநீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது இரத்தமே. சிறுநீர்ப் பாதையில் கல், சீழ், கட்டி ஆகியவற்றில் ஒன்று இருத்தல் கூடும். மலைப்பிரதேசங்களில் பெரணிச் செடியை நெடுங்காலம் மேயும் மாடுகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி உண்டாகி இவ்விதம் இரத்தம் கசிவது உண்டு.

முழுவதும் ஒரே நிறமாய், கறுப்புக் காப்பியைப்போல் நின்றால், இரத்த அணுக்கள் உடம்பினுள்ளேயே உடைந்து அவற்றின் சாயம் வடிந்து வருகிறது என்று அறிய வேண்டும். காய்ச்சலும் உண்ணிகளும் கூட இருந்தால் அது பெரும்பாலும் பபேசியா என்னும் உண்ணிக் காய்ச்சல். உண்ணியே இதைப் பரப்புகிறது என்பதை 1893-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்பவர்கள் நிரூபித்தார்கள். பூச்சியினமொன்று வியாதியைச் சுமந்து பரப்பும் என்பதற்கு ஆதிச் சான்றுகளில் அது ஒன்று. கலப்பினப் பசுக்களை இது நாட்டு மாடுகளைக் காட்டிலும் கடுமையாய்த் தாக்கும். காய்ச்சலின்றி, ஈன்ற 2 முதல் 4 வாரத்திற்குள் நன்கு கறக்கும் எருமைக்கோ பசுவுக்கோ இவ்விதம் கண்டால், மணிச்சத்துக் குறைவே பெரும்பாலும் காரணம். பாலில் அச்சத்து வெளியேற, அணுக்கள் வலுவிழந்து உடைகின்றன. கடாவுக்கு மிஞ்சிக் கல்லாகும் அதே சத்து, கறவைக்குக் குறைந்து உயிரை வாங்குகிறது. ஒரே தீவனத்தை எல்லாப் பிராணிக்கும் ஒன்றுபோல் வைக்கலாகாது என்பதை இது காட்டும்.

உடைந்த அணுக்களின் சாயம் குழல்களில் தங்கி அவற்றைக் கெடுக்கும். இரத்தம் குன்றியதால் குழல்களுக்கு மூச்சுக்காற்றும் குறையும். ஆதலால் இரத்தம் உடையும் வியாதி எதுவும் முடிவில் சிறுநீரக வியாதியாகிறது.

திடீரென்று இறந்து, இயற்கைத் துவாரங்களில் கருநிற இரத்தம் கசியும் பிராணியை ஒருபோதும் அறுத்துப் பார்க்கலாகாது. அது அடைப்பானாய் இருக்கக்கூடும்.

கோழிகள்

கோழி சிறுநீரை நீராய்க் கழிப்பதில்லை. எச்சத்தில் வெண்மையாய்க் காண்பதே அதன் சிறுநீர்க் கழிவாகிய யூரிக் அமிலம். குஞ்சுகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டாலும், முட்டைக் கோழிக்குரிய சுண்ணாம்பு மிகுந்த தீவனத்தை வளரும் குஞ்சுகளுக்கு வைத்தாலும், மூச்சுக்குழல் நோயின் சில வகைகள் தாக்கினாலும் சிறுநீரகம் கெடும். இறந்த கோழியை அறுத்தால் இருதயத்தின்மீதும் ஈரலின்மீதும் சுண்ணாம்பு பூசினாற்போல் இருக்கும்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. தண்ணீர் எந்நேரமும் நிழலில் கிடைக்கும்படி செய்தல். வேலை செய்யும் எருதுக்கு வெயிற்காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 40 லிட்டர் வேண்டும். கறவைக்கு, ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மேற்கொண்டு 3 முதல் 4 லிட்டர் வேண்டும்.

2. கொழுக்கவிடும் கடாக்களுக்குத் தவிட்டையும் தானியத்தையும் மட்டாய் வைத்து, வேலிமசால், அகத்தி, கடலைக்கொடி முதலிய சுண்ணாம்புச் சத்துள்ள தழைகளைச் சேர்த்தல். அடர் தீவனத்தில் சாதாரண உப்பைச் சேர்த்தால் பிராணி மிகுதியாய் நீர் குடிக்கும். ஆனால் நீர் தாராளமாய் இருக்கும் இடத்தில் மட்டுமே இதைச் செய்தல் வேண்டும். முன்பு கல்லடைப்புக் கண்ட பட்டியில், நவச்சார உப்பைத் தீவனத்தில் கலப்பதைப் பற்றி வைத்தியரைக் கேட்டல்.

3. கோடையிலும் சிறிதளவேனும் பசுந்தழை கொடுத்தல்.

4. எலியையும் உண்ணியையும் ஒழித்தல்.

5. காலையில் தொழுவத்தில் மாடு சிறுநீர் விடுவதைத் தினமும் ஒருமுறை கவனித்தல். நிறம், அளவு, விடும் விதம் ஆகிய மூன்றும் பார்க்கத்தக்கவை. அரை நாள் சிறுநீர் விடாத எருதையோ கடாவையோ மறுநாள் வரை வைத்திராமல் கால்நடை மருந்தகம் கொண்டுசெல்லுதல்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டிகள் கோடையில் வற்றாதிருக்கவும், வாரம் ஒருமுறை கழுவப்படவும் ஏற்பாடு செய்தல் கால்நடைகளுக்குச் செய்யும் முதல் வைத்தியமாகும். ஒரே ஊரில் சில நாட்களுக்குள் பல மாடுகள் கரு கலைந்தாலோ, சிவந்த சிறுநீர் விட்டாலோ உடனே கால்நடை மருந்தகத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவ்வூரில் மனிதருக்குக் காய்ச்சலும் கண் சிவப்பும் காமாலையும் காணுமாயின், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அச்செய்தியைத் தெரிவித்தல் அவசியம். மாட்டின் சிறுநீரகத்தில் தொடங்கிய கேடு வீட்டாரின் சிறுநீரகத்தை எட்டுமுன் தடுக்க அதுவே வழி.